சீரியல் ஆஸ்பத்திரியில் தீக்காயம்: டிவி மருத்துவத் தொடர்கள் பற்றி ஒரு விமர்சனம்

நடிப்பு, கதை, பின்னணி இசை எதற்கும் இங்கே மார்க் கிடையாது. பெரிய தீக்காயத்தோடு ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார், அங்கே அவருக்கு நடக்கும் வைத்தியம் சரியா, அவ்வளவுதான் விஷயம். நம் வீடுகளில் ஓடுவது இரண்டு வகை. ஒன்று, சாயங்காலம் வரிசையாக வரும் தமிழ் சீரியல். அதில் தீ என்பது கதையில் ஒரு திருப்பம். ஆஸ்பத்திரி நாலு நாள் செட். இன்னொன்று, ஓடிடியில் கிடைக்கும் ஆங்கில மருத்துவமனைத் தொடர்கள். அங்கே கதையே வார்டுக்குள்தான் நடக்கும். எந்தத் தொடரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. பெயர்தான் மாறுகிறது, காட்சி மாறுவதில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆங்கிலத் தொடர்களில் வைத்தியம் பெரும்பாலும் சரி, கடிகாரம்தான் தப்பு. ஆறு மாத வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். தமிழ் சீரியல்களில் வைத்தியம் தப்பு. ஆனால் கட்டிலைச் சுற்றி நிற்கும் சொந்தக்காரர்கள், வராண்டாச் சண்டை, பணத்துக்கு அலைவது எல்லாம் அப்படியே நம் ஊர். வைத்தியத்துக்கு மட்டும் ஐந்துக்கு மார்க் போட்டால் ஆங்கிலத்துக்கு மூன்றரை, தமிழுக்கு ஒன்று. அந்த ஒன்றும் தீப்பிடித்தவரைத் தரையில் உருளச் சொல்வதற்காக.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்கள் இதை இவ்வளவு நோண்டிப் பார்க்கக் காரணம் இருக்கிறது. பாலக்கோடு, கடத்தூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொப்பரைகள், பட்டாசுக் குடோன்கள், தொப்பூர் கணவாயில் மோதிக்கொள்ளும் லாரிகள், காட்டோரக் கொல்லைகளில் திருட்டுத்தனமாகக் கரண்ட் விட்ட வேலிகள் என்று தீக்காயத்துக்கு இங்கே வழி நிறைய. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்து 9 பேர் இறந்தார்கள். பெரிய காயம் என்றால் ஜி.எச்.சில் முதல் சிகிச்சை முடித்துச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்புவது சகஜம். பென்னாகரம் தாண்டிய ஊரிலிருந்தோ தேன்கனிக்கோட்டை மலையோரத்திலிருந்தோ கிளம்பினால் பாதி நேரம் ரோட்டிலேயே போய்விடும். அந்த முதல் மணி நேரங்களில் என்ன செய்வது என்று முடிவு செய்வது டாக்டர் இல்லை, வீட்டில் இருப்பவர்கள். அவர்கள் பார்த்து வைத்திருப்பது சீரியல்.

தீப்பிடிக்கும் இடத்திலிருந்தே பார்ப்போம். ஓடாமல் படுத்து உருள்வது, கனமான கம்பளியைப் போட்டு மூடுவது இரண்டும் சரி. கையில் கிடைத்த நைலான் புடவையால் மூடும் காட்சிகளும் வருகின்றன. அது உருகித் தோலோடு ஒட்டும். தீ அணைந்த அடுத்த நொடி கதாநாயகன் கதாநாயகியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடுவான். வைத்தியத்தின் முதல் படி அங்கேயே கத்தரிக்கப்படுகிறது: ஓடும் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். ஐஸ் கூடாது. காயம் பட்டு 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு, ஏனென்றால் தீ அணைந்த பிறகும் சூடு தோலுக்கு அடியில் இறங்கிக்கொண்டே இருக்கும். வெல்லப் பாகு பட்டால் இது இன்னும் அவசரம். பதம் வந்த பாகு கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடு. வழிந்து போகாமல் ஒட்டிக்கொண்டே சுடும். அதைப் பிய்க்கக் கூடாது, தண்ணீரிலேயே கரைய விட வேண்டும். உடம்பில் பெரும்பகுதி வெந்திருந்தால், அதுவும் சின்னக் குழந்தை என்றால், மற்ற இடங்களைப் போர்த்திக்கொண்டுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். தோல் போன உடம்பு வேகமாகச் சில்லிட்டுவிடும்.

20 நிமிடம் குழாயடியில் உட்கார்ந்திருப்பதை எந்த டைரக்டரும் எடுக்க மாட்டார், புரிகிறது. ஆனால் அதற்குப் பதிலாக வைப்பது இங்க், பேஸ்ட், இட்லி மாவு, மஞ்சள். காமெடிக் காட்சியில் வந்தாலும் மனசில் தங்கிவிடுகிறது. இட்லி மாவு பூசியவுடன் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். காய்ந்து ஒட்டிய பிறகு கேஷுவாலிட்டியில் அதைக் கழுவித் தேய்த்து எடுக்கும்போது நோயாளி படும் பாடு தனி. இங்க் பூசினால் இன்னொரு சிக்கல்: காயம் சிவப்பா, வெளுப்பா, கருப்பா என்ற நிறத்தையும், அழுத்தினால் ரத்தம் திரும்புகிறதா என்பதையும் பார்த்துத்தான் ஆழத்தைக் கணிக்க முடியும். இதே காரணத்துக்காக, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் அந்த வெள்ளை மருந்தை, அதாவது சில்வர் சல்ஃபாடயசினை, அப்பி அனுப்பக் கூடாது. துவைத்த வெள்ளை வேட்டியால் தளர்வாக மூடி 108-ஐக் கூப்பிட்டால் போதும்.

நகை விஷயத்தில் தமிழ் சீரியல் செய்வது அநியாயம். தாலி சென்டிமென்ட்டை வைத்தே ஒரு வாரம் ஓட்டுவார்கள். கழுத்து வெந்தவருக்குத் தாலிக் கயிறு, கை வெந்தவருக்கு மோதிரமும் வளையலும், கால் என்றால் மெட்டியும் கொலுசும், இடுப்பு என்றால் அரைஞாண் கயிறு, எல்லாவற்றையும் வீங்கும் முன்பே எடுத்தாக வேண்டும். தாமதித்தால் மோதிரத்தை ரிங் கட்டரால் வெட்ட வேண்டிவரும். அதையும் விட்டால் விரலுக்கு ரத்தம் போகாது. நர்ஸ் தாலியைக் கழற்றிக் கவரில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பதை ஒரே ஒரு சீரியல் காட்டினால், நிஜ வார்டில் அந்த நேரத்தில் நடக்கும் வாக்குவாதம் பாதி குறையும்.

அடுத்து வராண்டா. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே "80 பர்சென்ட் பர்ன்ஸ்" என்பார். அந்த 80 எங்கிருந்து வந்தது? உடம்புத் தோல் முழுவதும் 100 என்று வைத்தால், பெரியவர்களுக்குத் தலையும் கழுத்தும் சேர்ந்து 9, ஒரு கை 9, ஒரு கால் 18, மார்பும் வயிறும் 18, முதுகுப் பக்கம் முழுக்க 18, பிறப்புறுப்பு 1. நோயாளியின் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, 1. கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கால் சின்னது. தலை 18, ஒவ்வொரு காலும் 14 என்று கணக்கு மாறும். தோல் வெறுமனே சிவந்திருக்கும் இடத்தைச் சேர்க்கவே கூடாது. இப்போது மேக்கப் போட்ட இடத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள்: ஒரு கன்னம், கொஞ்சம் நெற்றி, ஒரு முன்கை. 5, மிஞ்சினால் 6. ஆங்கிலத் தொடர்கள் இந்தக் கணக்கில் அநேகமாகச் சறுக்குவதில்லை; சொல்லும் சதவீதத்துக்கும் காட்டும் உடம்புக்கும் பொருத்தம் இருக்கும்.

இனி டிரிப். டிவியில் தீக்காய வைத்தியம் எவ்வளவு பொய் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

பெரிய தீக்காயத்தில் முதல் 24 மணி நேரம் ஆளைக் கொல்வது புண் இல்லை. ரத்தக் குழாய்கள் ஒழுக ஆரம்பித்து, ரத்தத்தில் உள்ள நீர் உடம்புக்குள்ளேயே வடிந்து வீக்கமாகிவிடும். பிரஷர் இறங்கும், கிட்னி நிற்கும். அதற்குத்தான் ஆர்.எல்., அதாவது ரிங்கர் லாக்டேட் என்கிற உப்புத் திரவம். எவ்வளவு ஏற்றுவது என்று சொல்லும் பார்க்லேண்ட் கணக்குப்படி எடை ஒரு கிலோவுக்கு, காயம் ஒரு சதவீதத்துக்கு, 4 மில்லி. 60 கிலோ ஆளுக்கு 40 சதவீதம் என்றால் 4 × 60 × 40 = 9,600 மில்லி. இதில் பாதி, 4,800, முதல் 8 மணி நேரத்தில். மீதி அடுத்த 16 மணி நேரத்தில். அரை லிட்டர் பாட்டிலில் சொன்னால் முதல் 8 மணி நேரத்துக்கே கிட்டத்தட்ட 10 பாட்டில்.

அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, தீ பட்ட நேரத்திலிருந்து. நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயமே இல்லை. வந்து சேர 2 மணி நேரம் ஆகி, வழியில் ஒன்றும் ஏற்றவில்லை என்றால் அதே 4,800-ஐ மீதி 6 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும்: மணிக்கு 800. அதனால்தான் "எத்தனை மணிக்குத் தீப் பிடித்தது?" என்று கேஷுவாலிட்டியில் துருவித் துருவிக் கேட்கிறார்கள். சீரியல் டாக்டர் கேட்பது "இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

இப்போது திரையில் சொட்டறையை, அதாவது டிரிப் குழாயில் சொட்டு விழும் சின்ன அறையை, கவனியுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு, நிதானமாக விழும். சாதாரண டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. நொடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 180 மில்லி. அந்த 40 சதவீத ஆளுக்கு மணிக்கு 600 தேவை, அதாவது நிமிடத்துக்கு 200 சொட்டு. கண்ணால் எண்ண முடியாது, கம்பியாக ஓடும். சமீப காலமாகப் பெரியவர்களுக்கு 4-க்குப் பதில் 2 மில்லியில் ஆரம்பித்து, தேவைக்கேற்ப ஏற்று இறக்கு என்ற முறையும் பரவியிருக்கிறது. அப்படிப் பார்த்தாலும் மணிக்கு 300. டிவி டிரிப் அதற்கும் எட்டாது. டிரிப் ஏற்றக் கையில் குத்தியிருக்கும் ஊசிக்குழாயான கேனுலாவின் நிறத்தையும் பாருங்கள். பெரும்பாலும் ரோஸ் அல்லது நீலம், சில சமயம் குழந்தைகளுக்குப் போடும் மஞ்சள். பெரிய தீக்காயத்துக்கு வேண்டியது தடித்த குழாய்: சாம்பல் நிற 16 அல்லது பச்சை 18-ஆம் அளவு, இரண்டு கையிலும். பாட்டிலில் மஞ்சள் திரவம் இருந்தால் அது வைட்டமின் ஊசி கலந்தது. கேமராவுக்கு அழகு, முதல் நாள் நோயாளிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

கடைசியாக, கட்டிலுக்குக் கீழே பாருங்கள். யூரின் பை தொங்குகிறதா? தமிழ் சீரியலில் தொங்கிப் பார்ப்பது அபூர்வம். தீக்காயத்தில் டிரிப் சரியாகப் போகிறதா என்று சொல்வது அந்தப் பைதான். பெரியவர்களுக்கு மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லி, அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி. குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 1 மில்லி. குறைந்தால் டிரிப்பைக் கூட்ட வேண்டும், ரொம்ப அதிகமானால் குறைக்க வேண்டும். நிறைய ஏற்றிவிட்டால் நல்லதுதானே என்று நினைக்கக் கூடாது. அளவு மீறினால் நுரையீரலில் நீர் கோக்கும், வயிறு இறுகும், கை கால் வீக்கம் கூடி ரத்த ஓட்டம் நிற்கும். கரண்ட் வேலியில் அடிபட்டவர் என்றால் யூரின் கோலா நிறத்தில் வரும். வெளியே சின்னப் புண்தான் இருக்கும், உள்ளே தசை வெந்து அதன் நிறப்பொருள் கிட்னியை அடைத்துக்கொண்டிருக்கும். அவருக்கு இந்தச் சதவீதக் கணக்கே பொருந்தாது. யூரின் தெளியும் வரை மணிக்கு 75 முதல் 100 மில்லி வரும்படி ஏற்ற வேண்டும்.

"தண்ணி... தண்ணி..." என்று நோயாளி முனகுவதும் அம்மா டம்ளர் நிறையக் கொடுப்பதும் சீரியலில் அழ வைக்கும் காட்சி. தாகம் நிஜம்தான். ஆனால் பெரிய காயத்தில் முதல் சில மணி நேரம் குடலும் இரைப்பையும் மந்தமாகிவிடும். டம்ளரோடு கொடுத்தால் வாந்தி, மயக்கத்தில் இருந்தால் அது நுரையீரலுக்குள் போகும். உதட்டை நனைக்கலாம். சின்னக் காயம் என்றால் ஓ.ஆர்.எஸ். தாராளமாகக் கொடுக்கலாம்.

மூச்சு விஷயத்தில் ஆங்கிலத் தொடர்களைப் பாராட்ட வேண்டும். மூடிய அறையில் தீ, முகத்தில் காயம், மூக்கு முடி கருகல், சளியில் கரி, குரல் கம்மல் என்றால் பேசிக்கொண்டிருக்கும் ஆளுக்கே மூச்சுக் குழாயில் டியூப் போடும் முடிவை எடுக்கிறார்கள். அது சரி. தொண்டை வீக்கம் முதல் நாள் முழுக்க ஏறிக்கொண்டே போகும். முற்றிய பிறகு டியூப் உள்ளே நுழையாது, கழுத்தில் துளைதான் போட வேண்டும். தமிழ் சீரியலில் இதே ஆள் முகம் வெந்த நிலையில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு மூன்று எபிசோடு வசனம் பேசுவார். இரண்டு வகையிலுமே தவறவிடுவது ஒன்றுண்டு: விரலில் மாட்டும் கருவி 98 காட்டினால் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அது ரத்தத்தில் ஏறியிருந்தாலும் அந்தக் கருவி ஆக்சிஜன் என்றே எண்ணி நல்ல நம்பரைக் காட்டும். நம்பரைப் பார்க்காமல் மாஸ்க் வைத்து முழு ஆக்சிஜன் கொடுப்பதே முறை. டியூபை முகத்தில் பிளாஸ்டர் போட்டு ஒட்டுவதும் செட்டில் மட்டுமே நடக்கும். வெந்து நீர் கசியும் தோலில் பிளாஸ்டர் ஒட்டாது, நாடாவால் காதுக்கு மேல் சுற்றிக் கட்டுவார்கள். ஒளிப்பதிவாளர் அதை விரும்ப மாட்டார் போல.

ஆங்கிலத் தொடர்களுக்குப் பிடித்தமான இன்னொரு காட்சி, வெந்து இறுகிய தோலைக் கத்தியால் கீறித் திறப்பது. இது உண்மையான வைத்தியம், பெயர் எஸ்காரோட்டமி. கையையோ மார்பையோ சுற்றி ஆழமாக வெந்தால் அந்தத் தோல் விரியாது. அடியில் வீக்கம் ஏற ஏற விரல்கள் சில்லிட்டு வெளுக்கும், மார்பு என்றால் வென்டிலேட்டர் காற்றைத் தள்ள முடியாமல் திணறும். கையின் இரண்டு பக்கவாட்டிலும், மார்பில் அக்குள் ஓரமாகவும், கொழுப்பு தெரியும் ஆழம் வரை மட்டும் கீற வேண்டும். முழங்கையின் உள்பக்கமும் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமும் நரம்பு தோலை ஒட்டியே ஓடுவதால் அங்கே கவனம். டிவியில் தப்பு இரண்டு: ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிய ஐந்தாவது நிமிடமே கீறுவார்கள், நிஜத்தில் வீக்கம் ஏறச் சில மணி நேரம் ஆகும், பீய்ச்சி அடிக்கும் ரத்தமும் வராது, கசிவைக் காட்டரி என்கிற சூட்டுக் கருவியால் நிறுத்திவிடலாம்.

நேர்கோடாகிவிட்ட இசிஜிக்கு ஷாக் கொடுப்பது எல்லா மொழித் தொடரிலும் உள்ள வியாதி. இதயம் துடிதுடித்துக் குழம்பும்போதுதான் ஷாக்; கரண்ட் அடித்தவருக்கு அது பொருந்தலாம். நேர்கோட்டுக்கு மார்பை அழுத்துவதும் மருந்தும்தான். இதை எழுதி எழுதி ஓய்ந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை. தலை முழுக்க வெள்ளை பேண்டேஜ், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. முகக் காயத்தைப் பெரும்பாலும் அப்படிக் கட்டுவதே இல்லை. திறந்து வைத்து, நாளைக்குச் சில தடவை துடைத்து, ஆயின்ட்மென்ட் தடவுவார்கள். மறுநாள் அந்த முகம் எப்படி இருக்கும் என்பதை எந்தத் தொடரும் காட்டுவதில்லை. சொந்தத் தாயே அடையாளம் தெரியாமல் நிற்கும் அளவுக்கு வீங்கி, இமைகள் மூடிக்கொள்ளும். பார்வை போய்விட்டது என்று குடும்பம் கதறும். வீக்கம் வடிய இரண்டு மூன்று நாளாகும், கண் திறக்கும். அதனால்தான் இமை மூடும் முன்பே, முதல் சில மணி நேரத்தில், கண்ணைப் பரிசோதித்துவிட வேண்டும்.

மற்ற இடங்களில் டிரஸ்ஸிங். சீரியலில் பேண்டேஜ் என்றைக்கும் பால் வெள்ளை. நிஜத்தில் முதல் நாட்களில் சில மணி நேரத்திலேயே நனைந்து ஊறிவிடும். பழைய கட்டை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, கழுவி, செத்த தோலை எடுத்து, பாரஃபின் காஸ் (புண்ணில் ஒட்டாத மெழுகுத் துணி) வைத்து, மேலே கனமாகப் பஞ்சுப் பேட், அதன் மேல் ரோலர். விரல்களைத் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். சேர்த்துக் கட்டினால் ஒட்டி வளரும். பெரிய காயத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், வலிக்கு முன்கூட்டியே மார்ஃபினோ கெட்டமைனோ கொடுக்க வேண்டும். அறையில் ஏசி இல்லை. 28 முதல் 32 டிகிரி வரை சூடாக வைத்திருப்பார்கள், உள்ளே நிற்பவர்களுக்கு வியர்த்துக் கொட்டும். டிரஸ்ஸிங் பச்சையாக மாறி ஒரு மாதிரித் தித்திப்பான வாடை வந்தால் சூடோமோனாஸ் கிருமி. முதல் இரண்டு நாள் தாண்டியவர்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்தக் கிருமித் தாக்குதல்தான். கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்து அழும் பத்துச் சொந்தக்காரர்கள் இங்கே நிஜமாகவே ஆபத்து. நிஜ வார்டில் ஒருத்தரைத்தான் உள்ளே விடுவார்கள், அதுவும் கை கழுவி, கவுன் போட்டு. வெளியே நடக்கும் சண்டைக்கு அதுதான் காரணம் பாதி நேரம்.

இரண்டு மொழித் தொடர்களிலும் மன்னிக்க முடியாதது தலையணை. கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைக்கவே கூடாது. கழுத்து முன்னால் மடங்கிய நிலையில் புண் ஆறினால் தாடை நெஞ்சோடு ஒட்டிப்போகும். பிறகு வாயை மூட முடியாது, நிமிர்ந்து நடக்க முடியாது, இன்னொரு ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்க டியூப் போடுவதே பெரும்பாடு. தோளுக்கு அடியில் சுருட்டிய துணியை வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்க்க வேண்டும். காது வெந்திருந்தால் தலையணை அழுத்தியே குருத்தெலும்பு அழுகும். அக்குள் என்றால் கையை உடம்பிலிருந்து 90 டிகிரி விரித்து, முழங்கையை நீட்டி, கணுக்காலை 90 டிகிரியில் நிறுத்தி, அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட் கட்ட வேண்டும். நோயாளிக்கு எந்த நிலை சுகமோ அந்த நிலையில்தான் உறுப்பு சுருங்கும். வீட்டில் பாசத்தோடு தலையணை கொண்டுவந்து வைக்கும் அத்தைக்கு இதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அவர் தினமும் பார்க்கும் சீரியலில் கட்டிலுக்கு இரண்டு தலையணை.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. பக்கத்து மேஜையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் இருக்கும். அந்த 60 கிலோ, 40 சதவீத ஆளுக்கு நாளைக்கு ஏறக்குறைய 3,000 கலோரி, 90 முதல் 120 கிராம் புரதம் தேவை. முட்டை, பால், பருப்பு, வாயால் முடியாவிட்டால் மூக்கில் ரைல்ஸ் டியூப் வழியாக. பத்தியம் என்று முட்டையை நிறுத்துவது புண் ஆறாமல் இருக்க நல்ல வழி.

பிறகு வருகிறது சீரியல் உலகின் தனிக் கண்டுபிடிப்பு: பிளாஸ்டிக் சர்ஜரி. ஒரு பாட்டு முடிவதற்குள் கட்டு அவிழும், உள்ளே புது நடிகை. சம்பளப் பிரச்சனையில் பழைய நடிகை விலகிவிட்டார் என்பதுதான் அதன் மருத்துவக் காரணம். நிஜத்தில் ஆழமாக வெந்த தோல் தானாகப் புதுத் தோல் ஆகாது. அதைச் செதுக்கி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து அஞ்சலட்டைத் தடிமனுக்கு, 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர், தோலைச் சீவி ஒட்ட வேண்டும். சேதப்பட்ட தோலை முதல் சில நாட்களிலேயே செதுக்கி உடனே ஒட்டலாம் என்பதை 1970-ல் எழுதி உலகத்தை ஏற்கவைத்தவர் அன்றைய யூகோஸ்லாவியாவின் மருத்துவர் சோரா யான்ஸெகோவிச். தோல் போதவில்லை என்றால் மெஷர் மெஷினில் கொடுத்து வலையாக விரித்து ஒன்றரை மடங்கு, மூன்று மடங்கு இடத்தை மூடுவார்கள். அந்த வலைத் தடம் கடைசி வரை தெரியும். ஒட்டிய தோலுக்கு அடியில் ரத்தம் தேங்கினாலும், கிருமி சேர்ந்தாலும், அந்த இடம் அசைந்தாலும் பிடிக்காது. கட்டை முதலில் பிரிப்பது 4, 5 நாள் கழித்துத்தான். ஒட்டிய இடத்தைவிடத் தொடையில் எடுத்த இடம்தான் அதிகம் எரியும் என்பது டிவி டாக்டர் யாருக்கும் தெரியாது. அங்கே போட்ட காஸைப் பிய்க்கக் கூடாது. 10 முதல் 14 நாளில் ஆறித் தானாக விழும்.

"என் தோலை எடுத்துக்குங்க டாக்டர்" என்று காதலன் சட்டையைக் கழற்றுவது உருக்கமாக இருக்கலாம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் போல ஒரே மரபணு உள்ளவரானால் ஒழிய, அடுத்தவர் தோல் இரண்டு மூன்று வாரத்தில் உதிர்ந்துவிடும். ஆனால் அந்த மூன்று வாரம் புண்ணை மூடிக் காப்பாற்ற அது போதும், அதற்காகத்தான் தோல் வங்கி. இறந்து 6 மணி நேரத்துக்குள் தொடையிலும் முதுகிலும் இருந்து மெல்லிய மேல்தோலை எடுத்துக் கிளிசராலில் போட்டுக் குளிரில் வைத்தால் 5 வருடம் வரை இருக்கும். ரத்தப் பிரிவு பொருந்த வேண்டியதில்லை. கண் தானத்தைச் சீரியல்கள் எவ்வளவோ தூக்கிப் பிடித்தன. தோல் தானத்துக்கு ஒரு வசனம் கிடையாது.

கட்டிலைச் சுற்றி நடப்பதெல்லாம் தமிழ் சீரியலில் அப்படியே நம் ஊர் என்று சொன்னேன் அல்லவா, அதில் போலீஸ் பக்கம் ஒரு ஓட்டை உண்டு. மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் எழுதும்போது மாமியார், கணவன், நாத்தனார் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். அப்போது சொந்தக்காரர்களையும் போலீஸையும் வெளியே அனுப்பிவிடுவதுதான் முறை. நோயாளி நினைவோடு, தெளிவோடு இருக்கிறார் என்று டாக்டர் சான்று எழுதுவார். மாஜிஸ்திரேட் வந்து சேர நேரமில்லை என்றால் டாக்டரே எழுதலாம், அதுவும் செல்லும். தொண்டையில் டியூப் இருந்தால் சைகையில் சொன்னதையும் கோர்ட் ஏற்கும். கைவிரல்கள் வெந்திருந்தால் கால் பெருவிரல் ரேகை. இத்தனை நாடகம் நிஜத்திலேயே இருக்கும்போது, வில்லி டிரிப்பில் ஊசி போடுவது எதற்கு?

ஆர்ட் டைரக்டர்களுக்குச் செலவில்லாத யோசனை: பச்சை கேனுலா இரண்டு, ஒரு யூரின் பை, கட்டிலிலிருந்து தலையணையை எடுத்துவிடுவது, டிரிப்பின் சக்கரத்தை முழுக்கத் திறந்துவிடுவது. ஒரு டீ பிரேக் நேரத்தில் முடிகிற வேலை.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு நடப்பதை இரண்டு வகைத் தொடர்களுமே தொடவில்லை. சதவீதத்துக்கு ஒரு நாள் என்பது ஆஸ்பத்திரி வாசத்துக்கு உத்தேசக் கணக்கு; 40 சதவீதம் என்றால் 40 நாள். அதற்குப் பிறகுதான் தழும்பு தடிக்க ஆரம்பிக்கும், ராத்திரித் தூக்கம் கெடும் அளவுக்கு அரிக்கும். தழும்பை அமுக்க இறுக்கமான பிரஷர் கார்மென்ட், நாளைக்கு 23 மணி நேரம், குளிக்கவும் எண்ணெய் தடவவும் மட்டும் கழற்றி, தழும்பு வெளிறித் தட்டையாகும் வரை ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை, இரண்டு வருடம். அளவெடுத்துத்தான் தைக்க வேண்டும், துவைத்து மாற்ற இரண்டு செட் வேண்டும், இரண்டு மூன்று மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும் என்பதால் மறுபடி அளவு கொடுக்க வேண்டும். வெல்லம் காய்ச்சும் இடத்துக்கோ ஓசூர் கம்பெனிக்கோ வேலைக்குத் திரும்புகிறவர் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும். புதுத் தோலில் வெயில் பட்டால் கறுத்துவிடும் என்பதால் முழுக்கைச் சட்டையும் மேலே.